விமானி ஆவது எப்படி: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் யோசனைகள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிற வரிசையில் மூன்றாவதாக இருப்பது என் ஜெராக்ஸ் கடை. விமானி ஆவதற்கு ஜெராக்ஸ் கடைக்காரன் வழி சொல்வதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு, விமானி ஆக எத்தனை காகிதம் வேண்டும் என்பது தெரியாது. காக்பிட் நாற்காலி வரைக்கும் போகிற பாதையின் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் கடைகள்தான். என் அக்கா மகள் பாப்பா அந்தப் பாதையில் பாதி தூரம் போயிருக்கிறாள். அவளுடைய ஒவ்வொரு சான்றிதழையும் முன்னும் பின்னும் நகல் எடுத்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். யோசனை இலவசம். காகிதத்துக்கு மட்டும் பக்கம் இரண்டு ரூபாய்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் நீலகிரிக்காரர் என்றால் பாதி விமானி ஆகிவிட்டீர்கள். பயணிகள் விமானம் 35,000 அடியில் பறக்கும்போது வெளியே இருக்கும் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. அதனால் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்ற நிலைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஊட்டி 7,350 அடி. தொட்டபெட்டா 8,650. ஆக, ஊட்டிக்காரர் பிறந்த நாளிலிருந்து விமானத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் சீட்டு, வெளியே மேகம், சாப்பாடு வீட்டிலிருந்து. பெல்ட் போடச் சொல்ல மட்டும் ஆளில்லை.

இந்த அழுத்த விஷயம் புரியாதவர்கள் சமையலறைக்குப் போகலாம். எங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் முதல் வாரம் அழுவது மாமியாரால் என்று நினைப்பார்கள், துவரம்பருப்பும் ஒரு காரணம். குக்கரை மூடி உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால்தான் வேலை நடக்கும். விமானம் என்பது இறக்கை வைத்த குக்கர். உள்ளே இருப்பவர்கள் வேகாமல் வெளியே வர வேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். விசில் சத்தம் கேட்டால் மட்டும் சந்தோஷப்படக் கூடாது.

இனி கெட்ட செய்தி. இவ்வளவு உயரத்தில் இருந்தும் நம்மிடம் ஓடுதளம் கிடையாது. ஹெலிகாப்டர் இறங்க ஊட்டியில் தீட்டுக்கல் இருக்கிறது, அவ்வளவுதான். சமமான நிலம் என்று ஊட்டியில் கண்ணில் படுவது குதிரைப் பந்தய மைதானம். அதையும் 2024-இல் குத்தகை பாக்கிக்காக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே விமானம் இறக்கலாமே என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். சிரிக்காதீர்கள். பூடானில் பாரோ விமான நிலையம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் மலை. பகல் வெளிச்சத்தில், கண்ணால் பள்ளத்தாக்கைப் பார்த்து வளைந்து வளைந்துதான் இறக்க வேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற சில விமானிகளுக்கு மட்டுமே அனுமதி. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவையும் ஒரு கையால் ஒடித்து இறங்குகிற நம் ஜீப் டிரைவர்களைப் பூடான் அரசு இன்னும் பார்க்கவில்லை. இங்கே நிலையம் வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியூர் வண்டிகளைப் போல விமானத்துக்கும் இ-பாஸ் வாங்க வேண்டும், இறங்கியதும் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று இறக்கைக்கு அடியில் தேடுவார்கள்.

ஆகவே முதல் படி: மேலே போவதற்கு, கீழே இறங்குங்கள். மேட்டுப்பாளையம் பஸ்ஸில்.

இந்தப் பஸ் பயணத்தை வீணாக்காதீர்கள், பாடத்திட்டத்தில் கால்வாசி அதிலேயே இருக்கிறது. பர்லியார் வருவதற்குள் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊதினால் டப்பென்று திறக்கும். விமானிக்குச் சொல்லித் தருவதும் இதேதான், வல்சால்வா என்று பெயர் வைத்துச் சொல்லித் தருவார்கள். சளி பிடித்திருக்கும்போது பறக்கக் கூடாது என்பது எதனால் என்றும் அந்த வளைவிலேயே புரிந்துவிடும். அடுத்து வானிலை. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்று புத்தகம் சொல்கிறது. நம் கண்டக்டரின் ஸ்வெட்டர் அதைப் புத்தகம் இல்லாமலே சொல்லும். கேத்தியில் பட்டன் போட்டிருக்கும், காட்டேரியில் பட்டன் கழன்றிருக்கும், கல்லாறில் ஸ்வெட்டர் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

ரயிலில் இறங்கினாலும் தப்பில்லை. விமானம் ஓடுதளத்தை நோக்கி இறங்குகிற சரிவு 3 டிகிரி. நம் மலை ரயிலின் பல்சக்கரப் பாதை 12 அடிக்கு ஓர் அடி, அதாவது கிட்டத்தட்ட 4.8 டிகிரி. விமானத்தை விடச் செங்குத்தாக இறங்குகிறது நம் ரயில். 1899-இலிருந்து குன்னூர்க்காரர்கள் இந்தச் சரிவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு இறங்குகிறார்கள், யாரும் கைதட்டுவதில்லை.

கீழே வந்தாயிற்று. இப்போது காகிதம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்துவிட்டு இப்போது அழுபவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தேறலாம். 16 வயதில் மாணவ விமானி உரிமம், 17-இல் தனியார் விமானி உரிமம், 18-இல் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்கான வணிக விமானி உரிமம். எல்லாவற்றுக்கும் தலைமை டில்லியில் இருக்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. தேர்வு எழுத அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் நம்பர் தருவார்கள். அது கிடைக்க, உங்கள் மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று மதிப்பெண் பட்டியல் கொடுத்தவர்களே இன்னொரு காகிதம் தர வேண்டும். அந்தக் காகிதமும் உண்மைதானா என்று யாரும் கேட்காதது நம் அதிர்ஷ்டம். என்னைக் கேட்டால், அட்டைப்படத்தில் விமானம் போட்ட ஃபைல் வாங்காதீர்கள். கண் படும். சாதாரண பிரவுன் ஃபைல் போதும்.

பிறகு மருத்துவச் சோதனை. இரண்டாம் வகுப்பு, அதன் பிறகு முதல் வகுப்பு. ரயிலில் முதல் வகுப்பு வசதியானது. இதில் முதல் வகுப்பு என்றால் ஈசிஜி, காதுச் சோதனை, ரத்தம், எக்ஸ்ரே என்று நீண்டுகொண்டே போகும். கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். சோடாபுட்டி என்று பள்ளியில் பட்டம் வாங்கியவர்கள்கூடக் கேப்டன் ஆகியிருக்கிறார்கள்.

நிறத்தில்தான் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இதை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நான் இறங்கிக்கொண்டேன்.

1994-இல் எனக்கும் அந்த ஆசை இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் கீழே ஓர் ஊருக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். ஒரு புத்தகத்தைத் திறந்தார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள், நடுவில் ஓர் எண் ஒளிந்திருக்கும். முதல் பக்கம் 12. அது எல்லோருக்கும் தெரியும், மனசு நோகாமல் இருக்க வைத்திருக்கிறார்கள் போல. அப்புறம் ஒரு பக்கம். "என்ன தெரியுது?" "21 சார்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மறுபடி பாருங்க." மறுபடியும் 21-தான். சிவப்பும் பச்சையும் ஒழுங்காகப் பிரித்துத் தெரிகிற கண்ணுக்கு அது 74. சிறு வயதில் கோத்தகிரிப் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க விட்டால், பழத்தோடு பச்சைக் காயையும் சேர்த்து உருவிக்கொண்டு வருவேன். திமிர் என்று முதுகில் வாங்கியிருக்கிறேன். அன்று அந்தப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தனை அடிக்கும் காரணம் தெரிந்தது. சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை, போய்ச் சொல்லவும் முடியவில்லை.

நிறத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி? ஓடுதளத்தின் ஓரத்தில் நான்கு விளக்கு வரிசையாக இருக்கும். சரியான சரிவில் வந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நாலும் வெள்ளை என்றால் அதிக உயரத்தில் வருகிறீர்கள். நாலும் சிவப்பு என்றால் தரை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஊர் திரும்பி இரண்டு வருடத்தில் நான் ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன். கறுப்பு வெள்ளை.

கண் தேறியவர்களுக்குப் பணம். உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ, உரிமம் கைக்கு வருவதற்குள் அரைக் கோடியைத் தாண்டிவிடும். 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (விலை கேட்டதும் சிறு விவசாயிகள் யாரும் கடைக்கு வந்து சண்டை போட வேண்டாம், கணக்குக்காகச் சொல்கிறேன்). மூன்று லட்சம் கிலோ கொழுந்து. என் அம்மா மாதிரி ஒரு பெண் நாளைக்கு 30 கிலோ கிள்ளினால் பத்தாயிரம் நாள். ஞாயிறு, பொங்கல், காய்ச்சல், உறைபனி எதற்கும் லீவு போடாமல் இருபத்தேழு வருடம். இந்தக் கணக்கை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவள் வீட்டுப் பத்திரத்தை நகல் எடுக்க வந்தபோது அவளே போட்டு வைத்திருந்தாள்.

பத்திரம் வங்கிக்குப் போனதும் சொந்தக்காரர்கள் வருவார்கள். கிங்பிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது என்று தேதியோடு சொல்வார்கள். இதே ஆட்கள்தான் சூரரைப் போற்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தவர்கள். அவர்களுக்கு ஒரு பதில் கையில் வைத்திருங்கள்: 2023-இல் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் வாங்க ஒப்பந்தம் போட்டன. ஓட்ட ஆள் வேண்டாமா? அடங்காவிட்டால் இன்னொன்று சொல்லுங்கள். கோத்தகிரிப் பக்கத்துப் படகர் கிராமத்திலிருந்து ஒரு பெண், ஐடி வேலையை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து விமானி ஆனார். செய்தித்தாள் எல்லாம் போட்டன. அந்தச் செய்தியை நான் நாற்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் ஆளுக்கு ஒன்று.

தேர்வுகள். வழிகாணல், வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும். 35-க்கு மேல் ஒரு மார்க் எடுத்தாலும் உழைப்பு வீண் என்று வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். இதற்கு மேல் வானொலியில் பேசுவதற்குத் தனி உரிமம். அங்கே நமக்குத் தெரிந்த பேச்சு எதுவும் செல்லாது. மூன்றை 'ட்ரீ' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும். பாப்பா லீவுக்கு வந்தபோது ஒரு நாள் கடையில் நின்று, "மாமா, ட்ரீ காப்பி," என்றாள். வாடிக்கையாளர் மரத்தின் படம் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் இந்தக் கெடுபிடியின் அருமை நம் கண்டக்டர்களுக்குப் புரியும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. நடுவில் சும்மா விசிலை வாயில் வைத்து விளையாட மாட்டார்கள். 1977 மார்ச் 27-இல் டெனெரீஃப் தீவில், மூடுபனிக்குள், ஒரே ஓடுதளத்தில் இரண்டு ஜம்போ விமானம். கட்டுப்பாட்டு அறை சொன்னது ஒன்று, விமானி புரிந்துகொண்டது ஒன்று. கிளம்ப அனுமதி வந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் கிளம்பிவிட்டார். 583 பேர் போனார்கள். அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எங்கும் சொல்லக் கூடாது என்று ஆயிற்று. 'போலாம் ரைட்' என்பதைப் போகும்போது மட்டும்தான் சொல்ல வேண்டும். நாம் இதை எப்போதிலிருந்து செய்கிறோம்!

வானிலைப் பாடத்தில் நம் பிள்ளைகள் தோற்றால் எனக்குக் கோபம் வரும். ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம் வைத்திருக்கிறோம். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் அவலாஞ்சியையும் அடிக்கும்போது குன்னூரில் துணி காயும். வடகிழக்கு வந்தால் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஈரக் காற்று மலைமேல் மோதி ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதைப் படம் வரைந்து படிக்கிறார்கள். நமக்கு அந்த மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து பாய் தலையணையை நனைத்துவிட்டுப் போகிறது.

இந்த இடத்தில் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர், முப்படைத் தளபதி பிபின் ராவத்தோடு, காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. பதினான்கு பேரில் ஒருவரும் கடைசியில் பிழைக்கவில்லை. நஞ்சப்பசத்திரத்து மக்கள்தான் முதலில் ஓடினார்கள், வீட்டுக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு, குடத்தில் தண்ணீரோடு. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்கு மேல் கீழ் திசை பிடிபடாமல் போனது என்று விசாரணை சொன்னது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. மேகம் எங்கள் ஊரில் எப்படி இறங்கும் என்பது எனக்குத் தெரியும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திரும்பினால் எதிர்க் கடை இருக்காது. பாப்பா பயிற்சிக்குக் கிளம்பிய அன்று அக்கா அவளிடம் சொன்னது இது ஒன்றுதான்: "மேகம் இருந்தா திரும்பி வந்துடு. யாரு என்ன சொன்னாலும் சரி."

அடுத்து... எத்தனையாவது படி என்பது விட்டுப்போயிற்று. 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. தனியாக 300 கடல்மைல் தூரம், அதாவது ஏறக்குறைய 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏறி வர வேண்டும். இரவில் 5 மணி நேரம். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து 10 மணி நேரம். அந்தக் கடைசிக் கணக்கு நீலகிரியில் ஸ்கூட்டர் ஓட்டுகிற யாருக்கும் ஜூலை மாதத்திலேயே முடிந்துவிடும், டிஜிசிஏ ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பாப்பா சேர்ந்தது வடக்கே, வெயில் 44 டிகிரி அடிக்கிற ஊரில். முதல் மாதம் அவள் போனில் சொன்னதில் விமானம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் கொசுவும் வியர்வையும்தான். "மாமா, ராத்திரி போர்வை வேண்டாமாம் இங்க," என்றாள். போர்வை இல்லாமல் மனுஷன் எப்படித் தூங்குவான் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

உரிமம் கையில் வந்தாலும் வேலை உடனே வராது. பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி, அதற்குத் தனிப் பணம், அதன் பிறகு காத்திருப்பு. காத்திருக்கும் காலத்தில் ஊருக்கு வராதீர்கள். வந்தால், "எப்பம்மா நம்ம ஊரு மேல ஓட்டுவ?" என்று கேட்பார்கள். எப்போது ஓட்டினாலும் கையாட்டச் சொல்வார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மொட்டை மாடியில் நிற்பதாகவும் சொல்வார்கள்.

போன மார்ச்சில் நான் அவளைப் பார்க்கப் போனேன். இரண்டு இரவு ரயில். வரும்போது வர்க்கி வாங்கி வரச் சொல்லியிருந்தாள், அது பாதிக்கு மேல் தூளாகிப் போயிருந்தது. காலை ஆறரைக்கு, அனுமதி வாங்கி, என்னை விமானம் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். செஸ்னா 172. நாலு சீட்டு, ஒரு எஞ்சின். நம் மினி பஸ்ஸை விடச் சின்னது. இதற்கா என் அக்கா வீட்டை அடகு வைத்தாள் என்று ஒரு கணம் தோன்றியது, சொல்லவில்லை.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. கையில் ஒரு பட்டியல், அதைப் பார்த்துப் பார்த்துச் சுற்றிவந்தாள். டயரை அழுத்தினாள். இறக்கையின் பின் ஓரத்தை மேலும் கீழும் அசைத்தாள். பிறகு குனிந்து, இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன ஊசிமுனை வைத்த பிளாஸ்டிக் குவளையை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் பெட்ரோல் பிடித்தாள். ராத்திரிப் பனியில் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாமாம். தண்ணீர் கனம், அடியில் குமிழாகத் தங்கும். எஞ்சினுக்குப் போனால் நடுவானில் அணைந்துவிடும். பெட்ரோல் சரியான வகைதானா என்பதை நிறத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்களாம், அதற்காகவே சாயம் கலந்து விற்கிறார்கள். குவளையைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பட்டியலில் அந்த வரிக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

"என்ன கலர் மாமா?"

இருபது முப்பது வருடமாக யாரும் என்னிடம் அந்தக் கேள்வி கேட்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கேட்க மாட்டார்கள். குவளையை வாங்கிப் பார்த்தேன். அடியில் குமிழ் இல்லை.

"நீலம்," என்றேன்.

"கரெக்ட்," என்று டிக் போட்டுவிட்டு அடுத்த இறக்கைக்குப் போனாள்.